அண்ணன் வாங்கிய டி.சி.

எங்கள் அண்ணன் தென்கடற்கரையில் ஒரு மீனவக் குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். ஐம்பது வயதைத் தொடும் முன்பே, சென்ற ஆண்டு சவூதியின் ஜுபைலில், பகல் டியூட்டியில் மயங்கி விழுந்து இறைவனில் இளைப்பாறினார். பிறந்ததும் இறந்ததும் இரண்டு வரியில் முடிந்துவிட்டன. இடையில் நடந்ததை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் எல்லாருக்கும் அண்ணனைப் பற்றி ஒரு விஷயம் தெரியும். பள்ளிக்கூடத்தில் கல்குகை போலக் கட்டிய கெபியில் இருந்த மாதா சுரூபத்தைக் கல்லெறிந்து உடைத்து, டி.சி. வாங்கி வெளியேறியவர் என்று. அது பொய். கல்லை எறிந்தது நான். முப்பது வருடங்களுக்கு மேலாக இதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

நாங்கள் படித்தது பக்கத்து ஊரில் இருந்த கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. அண்ணன் பத்தாம் வகுப்பு, நான் ஏழாம் வகுப்பு. பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தால் அத்தனை பையன்களும் நின்ற இடத்திலேயே நின்று திரிகால செபம் சொல்ல வேண்டும். சட்டையில் பித்தான் இல்லையென்றால் பிரம்படி. தலைமையாசிரியராக இருந்த ஃபாதர் அடிக்கும்போது கோபப்படவே மாட்டார். அதனாலேயே அவரைக் கண்டால் நடுக்கம். மாதத்தின் முதல் வெள்ளிக்கு முந்தின நாள் எங்களை வரிசையாகப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புவார்கள். சொல்வதற்குப் பாவம் கிடைக்காதவன் பக்கத்தில் நிற்பவனிடம் ஒன்றைக் கடன் வாங்கிக்கொள்வான்.

கெபிக்கு மேலே ஒரு புளியமரம் சாய்ந்திருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் புளியங்காய்க்குக் கல் எறிந்தேன். மாதாவின் முகத்தில் பாதி உடைந்து விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் அண்ணன் ஓடி வந்தார். "கிளாசுக்கு ஓடுலே, திரும்பிப் பாக்காத" என்றார். ஓடினேன். ஆசிரியர்கள் வந்தபோது அண்ணன் முழங்காலில் நின்று உடைந்த துண்டுகளைச் சட்டையில் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். நீயா எறிந்தாய் என்று கேட்டார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மாதாவைக் கல்லெறிந்தான் என்ற பேச்சு எங்கள் ஊரில் எப்படிப் பரவும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அண்ணனைத் துடுப்பால் அடித்தார். ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கே போய், பையனை நீக்கினால்தான் எழுந்திருப்போம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த வாரம் முதல் வெள்ளி வந்தது. வியாழக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டு ஃபாதரிடம் சொன்னேன்: "மாதாவ ஒடச்சது நான்தான் சாமி. எங்க அண்ணன் இல்ல." அவர் வலைக்கம்பிக்கு அருகே குனிந்தார். பிறகு, "இங்கே கேட்டதை நான் வெளியே எடுக்க முடியாது மகனே. ஆபீசுக்கு வந்து இதையே என்னிடம் சொல்வாயா?" என்றார். தலையாட்டினேன். பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். சாமியிடமே சொல்லியாயிற்று, மன்னிப்பும் கிடைத்தாயிற்று, இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அங்கே கேட்ட பாவத்தை உயிர் போனாலும் ஒரு குரு வெளியே சொல்லக் கூடாது என்பது வேதபாடத்தில் மனப்பாடம் செய்ததுதான். எனக்கு வசதியாக மறந்துபோயிற்று.

வெள்ளி முழுவதும் அவர் ஆபீஸ் கதவைத் திறந்தே வைத்திருந்தார். நான் பின்பக்க வழியாகச் சுற்றிப் போனேன். திங்கட்கிழமை அண்ணனுக்கு டி.சி. கொடுத்துவிட்டார்கள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. வேறு பள்ளி எதுவும் அவரைச் சேர்க்கவில்லை.

அண்ணன் அப்பாவோடு கடலுக்குப் போனார். அந்த உழைப்பில்தான் நான் டிப்ளமா படித்தேன். பிறகு, பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரையோடு ஜுபைலுக்குப் போனார். பிளாண்டுகளில் சாரம் கட்டும் ஹெல்பர். இருபது வருடங்களுக்கு மேல் அதே வேலை, அதே கேம்ப். நான் அஜ்மானில் ஏசி டெக்னீசியன்; கம்பெனி வண்டி, குடும்ப விசா எல்லாம் உண்டு. அண்ணனுக்குப் பெண் பார்த்த இரண்டு வீட்டிலும் முதலில் சரி என்றார்கள். யாரோ கெபி விஷயத்தைச் சொன்னார்கள், அத்தோடு சரி. கடைசிவரை தனியாகவே இருந்தார்.

அம்மா சனிக்கிழமை தோறும் அந்தக் கெபிக்கு நடந்து போய், மூத்தவன் செய்ததற்கு மன்னிப்பு கேட்டு முழங்காலில் நின்றார். அண்ணன் போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். "அங்க கோயில்கூட இல்லியே அண்ணே, எப்பிடி இருக்கிய?" என்று ஒருமுறை கேட்டேன். "அதாம்லே நிம்மதி. கோயில் வாசல்ல எவனும் என்னயப் பாத்து ஒதுங்க மாட்டாம்லா" என்றார்.

இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, அம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். எப்போது இந்தப் பேச்சை எடுத்தாலும் "கலாஸ், முடிஞ்சிட்டு, விடுலே" என்பார். அன்று அப்படிச் சொல்லவில்லை. "சொல்லுலே. நான் இருக்கும்போதே சொல்லிரு" என்றார். அடுத்த வாரம் கூப்பிட்டு, லீவு கிடைக்கவில்லை அண்ணே என்றேன். நான் லீவு கேட்கவே இல்லை.

சவப்பெட்டி வீட்டுக்கு வந்த அன்று, மாதா சும்மா விடுவாளா என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றும் வாயைத் திறக்கவில்லை. சென்ற மாதம்தான் ஊருக்குப் போய் அம்மா முன்னால் உட்கார்ந்து சொன்னேன். அம்மா அழவில்லை.

"அவனுக்குத் தெரியுமா, நீதான்னு?"

"தெரியும்மா."

"அப்ப அவன் போன் போடும்போதெல்லாம் நான் மூஞ்சியத் திருப்பிட்டு இருந்தது?"

அம்மாவே தொடர்ந்தார். "பொஸ்தகம் அடிக்கப் போறியல்லா? அதுல எழுது. ஒன் பேரப் போட்டு எழுது" என்றார். அதன் பிறகு அம்மா என்னோடு பேசவில்லை.

அண்ணனின் உடல் ஊர் வந்து சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை நாளும் டியூட்டிக்கும் போய்க்கொண்டு, ஆபீஸ் ஆபீஸாக அலைந்த கேம்ப் அறை நண்பர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. அவர்களில் ஒருவர்கூட நம் மதமோ ஊரோ இல்லை. குழி வெட்டிய இளைஞர்களுக்கும், எங்கள் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்த அயலாருக்கும் நன்றி. ஃபாதர் இன்று உயிரோடு இல்லை. ஒரு நிரபராதிக்கு டி.சி. எழுதும் வேதனையை அவருக்குக் கொடுத்தவனும் நான்தான். அண்ணனுக்கு நன்றி என்று எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

இந்த மலரை அண்ணனின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு முன்பாகவே கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். பூசை முடிந்து நீங்கள் வெளியே வரும்போது கோயில் வாசலில் நிற்பேன். இத்தனை வருடம் அண்ணனை என்னென்ன சொன்னீர்களோ, அதை என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போங்கள்.