ஆறு பத்துக்கு உள்ளே போனவள்

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தீட்டும் அந்தக் கம்பெனி இரண்டே அறைகளில் தொடங்கியபோது ஒரே ஒரு பூட்டுத்தான். இப்போது நாலு மாடி, நூற்று அறுபது ஆள். ஆள் பெருகப் பெருகச் சாவியும் பெருகிற்று. எது எந்தக் கதவுக்கு, எது யாரிடம் என்று ஒருவருக்கும் பிடிபடாத நிலை. கடைசியில் முதலாளியம்மா சாவிகளை எல்லாம் வாங்கி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, ஆளுக்கொரு அட்டை கொடுத்துவிட்டார். கதவோரத்துப் பெட்டியில் அட்டையைக் காட்டினால் திறக்கும். யாருக்கு எந்தக் கதவு, யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்பதெல்லாம் இன்டர்நெட்டில் எங்கேயோ பதிவாகும். அதைப் பார்த்துக்கொள்கிறவர் வேறு ஏதோ ஊரில் இருந்தார். போனில் அவர் குரல் மட்டும் வரும்.

சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறவளை அங்கே எல்லாரும் ஸ்டோரம்மா என்பார்கள். வயது ஐம்பத்தொன்பது. எந்தத் திருகாணி எந்த இழுப்பறையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். எந்தக் கல்யாணத்தில் யார் முறுக்கிக்கொண்டு போனார், அவரை யார் சமாதானம் செய்து கூட்டிவந்தார் என்பதும் அப்படியே. அவ்வளவு ஞாபகம்.

அட்டை வந்த முதல் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்தாள். வாசல் திறந்தது. சாமான் அறை திறக்கவில்லை. சிவப்பு விளக்கு முறைத்தது. போன் போட்டாள்.

"தம்பி, ஸ்டோர் கதவு திறக்க மாட்டேங்குது."

"பார்க்கிறேன்மா... காலையில ஆறு பத்துக்கு வந்திருக்கீங்க. ஆறு இருபத்தஞ்சுக்கு மூணாவது மாடி. அப்புறம் ரெண்டாவது மாடி. எட்டு அஞ்சுக்கு வெளியே போயிட்டீங்க."

"நானா?"

"நீங்கதாம்மா. அட்டை நல்லாத்தானே வேலை செஞ்சிருக்கு."

"நான் இப்பதான் தம்பி வர்றேன்."

"இல்லம்மா. நீங்க இப்ப உள்ளேயே இல்ல."

"கதவு முன்னாடி நிக்கிறேன்ங்கிறேன்!"

"சிஸ்டத்துல இல்லையே," என்றார் அவர், வருத்தமாகவே. "சரி, நானே இங்கேர்ந்து திறந்து விடுறேன்."

டக் என்றது. திறந்துகொண்டது. உள்ளே போய் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள்.

ஆறு பத்துக்கு வீட்டில் அடுப்படியில் நின்றதாகத்தான் ஞாபகம். ஆனால் அது இன்றைக்கு நின்றதா, நேற்று நின்றதா? தினமும் அங்கேதானே நிற்கிறோம், எதை எதோடு பிரிப்பது?

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவள் அம்மாவுக்கு அறுபத்தொன்றாம் வயதில் புத்தி மங்கியது. சொந்த வீட்டுக்கு நாலு வீடு தள்ளி நின்று, போகிற வருகிறவரிடம் வழி கேட்டாள். அம்மாவின் அக்கா, நாற்பது வருஷம் கூட வாழ்ந்த புருஷனைப் பார்த்து, "நீங்க எப்ப உங்க வீட்டுக்குக் கிளம்புறீங்க?" என்றாள். அந்த இருவருக்கும் அத்தையான கிழவி, தன் மகளையே தன் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு செத்தாள். இந்த வரிசையில் அடுத்து யார் என்று ஸ்டோரம்மாவுக்கு யாரும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை ஆறு பன்னிரண்டு. அதே மாடிகள், அதே போன், அதே டக்.

அன்று சாயங்காலம் புருஷனிடம் மெல்லக் கேட்டாள். "காலையில நான் எங்கயாச்சும் வெளியே போனேனா?"

பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "எங்க போன?" என்றார்.

"அதத்தான் கேக்குறேன்."

"போனவ நீ. என்னக் கேட்டா?"

அவரிடம் அதற்கு மேல் என்ன பேச? படுக்கும் முன் செருப்பைத் தூக்கி அலமாரி மேலே, பழைய பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். விடிந்து பார்த்தால் செருப்பு வைத்த இடத்தில் வைத்தபடி. அப்பாடா என்று வேலைக்குப் போய்ப் போன் போட்டாள்.

"ஆறு எட்டும்மா," என்றது குரல். "நாளைக்கு நேர்ல ஆள் அனுப்புறேன்."

அப்படியானால் வெறுங்காலோடு போயிருக்கிறோம்! சாமான் அறையில் உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. கழுவிக்கொண்டும் வந்திருக்கிறோமோ என்று அதற்கு ஒரு பயம் வந்தது.

வியாழக்கிழமை ஆள் வருவதற்கு முன் சின்னவள் வந்துவிட்டாள். சின்னவள் என்றால் அவள் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீட்டில் மாடியில் குடித்தனம். அதே கம்பெனியில் விடிகாலை வந்து தரை துடைத்துவிட்டு எட்டு மணிக்குப் போகிறவள். அவளிடம் ஸ்டோரம்மா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் மத்தியானத்துக்குள் சொந்தக்காரர் அத்தனை பேரும் உடம்பு எப்படி என்று விசாரிக்க வந்துவிடுவார்கள்.

"இந்த அநியாயத்தக் கேளுங்கக்கா," என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். "இருட்டோட எழுந்து வந்து மூணு மாடியும் முதுகு ஒடியத் தேய்க்கிறேன். தினம் ஒம்பது மணிக்குத்தான் வர்றேன்னு ஆபீஸ்ல சொல்றாங்க! தரையத் தேய்ச்சது யாரு, உங்க மாமியாரான்னு கேட்டுட்டு வந்தேன்."

ஸ்டோரம்மா நிமிர்ந்தாள். "நீ காலையில எத்தன மணிக்கு உள்ள வருவ?"

"ஆறு, ஆறு பத்து."

"முதல்ல எந்த மாடி?"

"மூணாவது. மேலேருந்துதானே கீழ வரணும்? ஏன், நீங்களும் விசாரண வைக்கிறீங்களா?"

"உன் அட்டையக் காட்டுடி."

இரண்டு அட்டையையும் மேஜைமேல் போட்டுப் பின்பக்கம் திருப்பினாள். எண் இருந்தது. யாருக்கு எந்த எண் என்று சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் விரலை வைத்துத் தேடினாள். தன் எண் சின்னவள் கழுத்திலும், சின்னவள் எண் தன் கழுத்திலும் நாலு நாளாகத் தொங்கியிருக்கின்றன.

ஒரே வீடுதானே என்று ஆபீஸ்காரர் இரண்டையும் சின்னவள் கையில் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டில் வாளியோ போர்வையோ, இரண்டாக எது வந்தாலும் மூத்தவள் எடுத்தது போக மிச்சம்தான் சின்னவளுக்கு. அந்த மரியாதைப்படி அவள் இரண்டையும் அடுப்படி மேடையில் வைத்திருக்கிறாள். மூத்தவள் பச்சை நாடா கட்டிய அட்டையை எடுத்துக்கொண்டாள்.

"இது உங்களுது, இது என்னுதுன்னு அவர் சொன்னாருதான்," என்றாள் சின்னவள். "ரெண்டும் சாவிதானேக்கா, ஆள் பார்த்தா திறக்கும்? உங்களுக்குப் பிடிச்சத எடுக்கட்டும்னு வெச்சேன்."

ஸ்டோரம்மா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். சின்னவள் மிரண்டுபோனாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லடி! ஒண்ணுமே இல்ல!"

"உங்களுக்கு என்ன இருந்துச்சு?"

ஸ்டோரம்மா எழுந்து சின்னவளின் கையைப் பிடித்து மேலாளரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேருமாகப் போய் ஒப்புக்கொண்டார்கள். அட்டையை மாற்றிக்கொள்வது பெரிய குற்றம் என்று அவர் அரைமணி நேரம் பேசிவிட்டு ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் அடித்து நீட்டினார். சின்னவள் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறினாள்.

ஸ்டோரம்மா கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'மேற்படி நான்கு நாட்களிலும் காலை ஆறு மணி அளவில் இவர் அலுவலகத்தினுள் இல்லை என்பது விசாரணையில் உறுதியானது' என்று நடுவில் ஒரு வரி. அதை இன்னொரு தடவை படித்தாள். கையெழுத்தைப் போட்டுவிட்டு நகராமல் நின்றாள்.

"இன்னும் என்னம்மா?"

"எனக்கு இதுல ஒரு காப்பி வேணும் சார்."

"இது பாராட்டுக் கடிதம் இல்லம்மா, எச்சரிக்கை."

"தெரியும் சார். முத்திரையும் வெச்சுக் குடுங்க."

அவர் ஒன்றும் புரியாமல் அவளையே பார்த்தபடி முத்திரையைத் தேடி எடுத்தார்.