புரியாத மொழியில் சொன்னது

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில் நானும் கென்ஜியும் முதல்முறையாகச் சந்திக்கிறோம். அவர் இங்கே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஜப்பானியர். இணையத்தில் பழக்கமாகி, இரண்டு மாதமாகப் பேசியதெல்லாம் போனின் மொழிபெயர்ப்பில்தான். இன்று பார்த்து நெட்வொர்க் இல்லை. கொஞ்ச நேரம் தவித்தவர், தன் மொழியிலேயே பேச ஆரம்பிக்கிறார். நிறுத்தவே இல்லை.

“இன்னாம்மா சொல்றாரு?” என்கிறார் கடைக்கார அக்கா.

“தெரியலக்கா.”

“பேச ஆளில்லாம கெடந்துகினு இருந்தாரு போல. பேசட்டும் வுடு.”

அவர் முடித்ததும், புரியாது என்ற தைரியத்தில், யாரிடமும் சொல்லாத என் விவாகரத்தைத் தமிழில் சொல்கிறேன். கண்ணெடுக்காமல் கேட்கிறார்.

திரும்பும் ரயில் பொன்னேரியைத் தாண்டும்போது அவருடைய செய்தி வருகிறது: “நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“இந்த ஊர் வெயிலைப் பற்றி” என்று அனுப்புகிறேன்.