கொள்ளிடக்கரை மௌன அம்மாள்

மண்ணச்சநல்லூர் அரிசி மில் களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த காலத்தில் ராக்கம்மாளின் வாயை அடைக்க மேஸ்திரியால்கூட முடிந்ததில்லை. அவித்த நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டே ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் சொல்லி முடித்துவிடுவாள். “வாய் மட்டும் இல்லேன்னா ஒன்னைய நாய் தூக்கிட்டுப் போயிடும்டி” என்று கூட வேலை செய்த பெண்கள் சிரிப்பார்கள். அப்பேர்ப்பட்டவளைத்தான் அவள் புருஷன் மௌன சாமியாராக உட்கார வைத்தான். கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். கொஞ்சம் பொறுத்துச் சிரிக்கலாம்.

புருஷன் பெயர் பிச்சை. திருச்சி ஜங்ஷன் வாசலில் ஜட்கா ஓட்டினான். ரயிலை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்களிடம் அங்கே எல்லா வண்டிக்காரர்களும் பாடுவது ஒரே பாட்டு: மலைக்கோட்டை, திருவானைக்கா, ஸ்ரீரங்கம். ஊர் பார்க்க வருகிறவர்களுக்கோ ஒரு குணம் உண்டு. உச்சிப்பிள்ளையாரை மூச்சு வாங்க ஏறிப் பார்த்துவிட்டு, ரங்கநாதரைக் கூட்டத்தில் நசுங்கிச் சேவித்துவிட்டு, திரும்பும்போது வண்டிக்காரனிடம் ஒன்று கேட்பார்கள். “இதெல்லாம் எல்லாரும் பாக்கறதுதானேப்பா. யாருக்கும் தெரியாத எடம் ஏதாவது இருக்கா?” ஊரில் போய்ப் பெருமை அடிக்க அவர்களுக்கு அது வேண்டும். இதைப் பலமுறை கேட்டுக் கேட்டுத்தான் பிச்சைக்கு அந்த யோசனை உதித்தது.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில், வாழைத் தோப்புக்கு நடுவே ஓர் இடிந்த மண்டபம் இருந்தது. வௌவாலும் ஆடு மேய்ப்பவர்களும் தவிர அங்கே யாரும் போவதில்லை. பிச்சை அதைக் கூட்டிப் பெருக்கினான். தோப்புக்குப் பின்னால் ஒரு குடிசை போட்டுப் பெண்டாட்டியையும் மகள் ராசாத்தியையும் கொண்டுவந்து வைத்தான். ராக்கம்மாளின் தலையில் ஆலம்பாலைத் தடவிச் சடையாக்கினான். ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறைக் கடையிலிருந்து ஒரு ருத்திராட்ச மாலை, ஒரு காவிப் புடவை. “பேச மட்டும் பேசாத. நீ வாயைத் தொறந்தா மில்லு களத்து வாசம் அடிக்கும்” என்றான். முதலில் அவளுக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது.

விளையாட்டு வருஷக் கணக்கில் நீண்டது. பகலெல்லாம் பேச்சை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் எல்லாரும் அவளை “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டார்கள். அதனால் ராசாத்தியும் தாராளமாக அம்மா என்று கூப்பிடலாம், யாருக்கும் சந்தேகம் வராது என்று பிச்சை சொன்னான். ஆனால் மடியில் ஏறக் கூடாது. குழந்தை மற்றவர்களோடு வரிசையில் நின்று, விழுந்து கும்பிட்டு, குங்குமம் வாங்கிக்கொண்டு போகும். வண்டி போன பிறகுதான் தாயும் மகளும் குடிசைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். ராக்கம்மாள் அன்றைய பேச்சையெல்லாம் அந்தச் சின்னக் காதுகளில் கொட்டித் தீர்ப்பாள். அவளுக்கு இருந்த ஒரே உறவு, ஒரே ஊர், ஒரே களம் அந்தக் குழந்தைதான்.

அரியலூரில் ரயில் கவிழ்ந்ததற்கு மறுவருஷம் மார்கழியில் ராசாத்தி காய்ச்சலில் விழுந்தாள். வைகுண்ட ஏகாதசிச் சமயம். ஜங்ஷனில் ரயில் ரயிலாகக் கூட்டம் இறங்கியது. கஷாயத்துக்குக் காய்ச்சல் அடங்கவில்லை. குழந்தையின் கண் மேலே செருகத் தொடங்கியது.

“பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாங்க. புள்ள ஒடம்பு அனலாக் கொதிக்குது” என்று காலையில் கெஞ்சினாள் ராக்கம்மாள்.

“இன்னிக்கு ஒரு நாள் வண்டிய நிறுத்துனா வருஷம் பூராவும் வயித்துல ஈரத்துணிதான். பட்டணத்துலேருந்து ஒரு குடும்பம் வருது. அவங்களுக்குக் காட்டிட்டு, மத்தியானம் போவோம். நீ போய் உக்காரு.”

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். தூற்றும்போது நெல்லும் சேர்ந்து பறக்கிறதா என்று பிச்சை பார்க்கவில்லை.

பட்டணத்துக் குடும்பம் வந்தது. செக்ரெடேரியட் உத்தியோகஸ்தர், அவர் மனைவி லோகாம்பாள், இடுப்பில் கொழுகொழுவென்று ஓர் ஆண் குழந்தை. அதற்குக் கொஞ்சம் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். “அம்மா பன்னண்டு வருஷமா பேசல. திருச்சிக்காரங்களுக்கே இந்த எடம் தெரியாது” என்று பிச்சை வழக்கமான கதையைச் சொன்னான். தோப்புக்குப் பின்னாலிருந்து ராசாத்தியின் முனகல் ராக்கம்மாளுக்கு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றுபோனது.

அவள் எழுந்துவிட்டாள். லோகாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “என் புள்ள சாகக் கெடக்குது தாயி! ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இப்பவே வண்டிய விடுங்க!”

பன்னிரண்டு வருஷம் பேசாதவள் வாய் திறந்தால் அது அருள்வாக்கு அல்லாமல் வேறென்ன? நம் ஜனங்களிடம் இது ஒரு வழக்கம். சாமி கூழ் கேட்டாலும் அதில் தன் ஜாதகத்தைத் தேடுவார்கள். லோகாம்பாள் தன் மகனை மார்போடு இறுக்கிக்கொண்டாள். “ஏங்க, நம்ம கொழந்தையச் சொல்றாங்க!”

“ஒன் புள்ள இல்ல தாயி, என் புள்ள...”

“அம்மாவுக்கு எல்லாப் புள்ளையும் தன் புள்ளதாங்க!” என்று குரலை உயர்த்தினான் பிச்சை. “வாக்கு சொல்லிட்டாங்க, தட்டக் கூடாது. ஏறுங்க சாமி, ஏறுங்க!” ஏற்றிவிட்டு அவளிடம் ஓடிவந்து குனிந்து கும்பிடுவதுபோல், “ஒரே நடை, விட்டுட்டு வந்துடறேன்” என்று முணுமுணுத்தான். பெற்ற மகளுக்கு இல்லாத வண்டி, சளி பிடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

அவன் வருகிற வழியாகத் தெரியவில்லை. ராக்கம்மாள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஸ்ரீரங்கத்து வீதியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஜட்கா எல்லாம் ஆள் ஏற்றியிருந்தது. சடையும் காவியும் கண்டதும் ஜனங்கள் அவள் காலில் விழுந்தார்கள். எழுந்திருப்பதற்குள் அடுத்தவர்கள் விழுந்தார்கள். “வழி விடுங்க, என் புள்ள, என் புள்ள” என்று அவள் அலறினாள். “என் புள்ளன்னு ஆசீர்வாதம் பண்றாங்க, விழுந்து கும்பிடு” என்று ஒருத்தி தன் மகனின் தலையை அமுக்கினாள். காவேரிப் பாலத்தை அடைவதற்குள் தோளில் இருந்தது கனத்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தாள்.

பிச்சை அழவில்லை என்று சொன்னால் பாவம். தலையில் அடித்துக்கொண்டு அழுதான். தை பிறந்ததும் வண்டியைப் பூட்டினான். பட்டணத்துக் குழந்தைக்கு வெறும் சளிதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா வாக்கால் பெரிய கண்டம் சளியோடு போயிற்று என்று லோகாம்பாள் ரயில் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். கூட்டம் இரட்டிப்பானது.

ராக்கம்மாள் ஒருநாள் சொல்லாமல் கிளம்பி மண்ணச்சநல்லூர் மில்லுக்கே போனாள். பழையபடி யாராவது தன்னை வாடி போடி என்று பேசமாட்டார்களா என்று போனாள். அவளோடு நெல் தள்ளிய பெண்கள் களத்திலேயே விழுந்து கும்பிட்டார்கள். ஒருத்திகூட அவள் பேரைச் சொல்லவில்லை. “அம்மா, எங்களை மன்னிக்கணும். அந்தக் காலத்துல தெரியாம கேலி பண்ணிட்டோம்” என்றார்கள். ராக்கம்மாள் திரும்பி வந்து மண்டபத்தில் உட்கார்ந்தாள். போக இடமில்லாதவளுக்கு மௌனம் எதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

அடுத்த மார்கழியில் லோகாம்பாள் புருஷனோடு மறுபடி வந்தாள். இந்தத் தடவை மலைக்கோட்டையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நேரே இங்கேதான். வயிறு முன்னுக்கு வந்திருந்தது. ஓடியாடத் தொடங்கிவிட்ட மகனைத் தூக்கி ராக்கம்மாளின் மடியில் உட்கார வைத்தாள்.

“நீங்க குடுத்த உசிரு. இவனுக்கு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா.”

ராசாத்தி ஏறக் கூடாத மடியில் அந்தப் பையன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து ருத்திராட்சத்தைப் பிடித்து இழுத்தான். ராக்கம்மாள் அவன் தலையைத் தடவினாள். ஒரு வருஷமாகச் சொல்லாத பேர் தொண்டைக்கு வந்தது. யாராவது ஒருவருக்காவது தெரியட்டும் என்று நினைத்தாள்.

“என் மக பேரு ராசாத்தி” என்றாள்.

லோகாம்பாள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் பூத்துவிட்டது. “மகளாங்க! ஏங்க, கேட்டீங்களா? பேரையும் அவங்களே வச்சுட்டாங்க!” அவள் வண்டிக்காரனிடம் திரும்பினாள். “ஏம்பா, பொண்ணுன்னுதானே சொன்னாங்க?”

பிச்சை குதிரையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சேணத்தின் வாரை இழுத்து மாட்டினான்.

“ஆமாங்கம்மா” என்றான். “பொண்ணுதான்.”