ஊசி கழற்றிய சிரிஞ்சு

தம்பியின் கடைவாயில் அம்மா பால் புகட்டும் பாலாடையைச் சாய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது பளிச்சென்று பட்டது. என் முயலுக்கு நேரெதிரே உட்கார்ந்து ஊட்டியதுதான் தப்பு. பக்கவாட்டில் கொடுத்திருக்க வேண்டும்.

அப்போது லேக் கார்டன்ஸில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது. தம்பி எட்டாம் மாதமே பிறந்துவிட்டவன். மூன்று வாரமாகியும் உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு வரவில்லை. என் வெள்ளை முயல் மாடிப்படியிலிருந்து உருண்டு முன்பற்களை உடைத்துக்கொண்டிருந்தது. புல்லை முகர்ந்து பார்க்கும், கடிக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாடியில் இருந்த வங்காளி வீட்டுக்காரரின் மனைவியை, அவர்கள் மொழியில் சித்தி என்று, காக்கிமா எனக் கூப்பிடுவோம். அவர் எங்கள் வாசலில் நின்று முயலைப் பார்த்துவிட்டு, "ஓ பாஞ்ச்பே நா ரே" என்றார். பிழைக்காதாம். கூடத்தில் தம்பியை மடியில் வைத்திருந்த அம்மா சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். என் முயலுக்காக அம்மாவுக்கு இத்தனை வருத்தமா என்று நெகிழ்ந்துபோனேன்.

அப்பா தினமும் இன்சுலின் போட்டுக்கொள்வார். கோடுகள் அழிந்துபோன பழைய கண்ணாடி சிரிஞ்சு ஒன்று அலமாரியில் கிடந்தது. அதைக் கேட்டேன். எதையும் மூன்று கேள்வி கேட்காமல் தரமாட்டார் அவர். "எதுக்கு? எத்தனை நாளைக்கு? உடைச்சா யார் கூட்டிப் பெருக்குறது?" மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகு, ஊசியைக் கழற்றித் தன்னிடமே வைத்துக்கொண்டு சிரிஞ்சை மட்டும் நீட்டினார்.

முதல் நாள் கீரைச் சாற்றை நேராக வாய்க்குள் பீய்ச்சினேன். மூக்கு வழியாக வந்து முயல் துவண்டுபோயிற்று. செத்தே விட்டது என்று நினைத்தேன். மறுநாள்தான் பாலாடை பாடம். பசலைக்கீரையையும் புல்லையும் அம்மியில் மைய அரைத்தேன்.

"அதே அம்மியிலதான் நாளைக்கு உனக்குச் சட்னி அரைக்கணும், ஞாபகம் வச்சுக்கோ" என்றாள் அம்மா.

சக்கை அடைத்துக்கொள்ளாமலிருக்க அப்பாவின் பழைய வேட்டித் துண்டில் வடிகட்டினேன். முயலைத் துவாலையில் சுருட்டி, முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாக, கன்னத்தோரம் ஒரு சொட்டு விட்டேன். காத்திருந்தேன். தாடை அசைந்தது. இன்னொரு சொட்டு. மறுபடியும் அசைந்தது. அன்றைக்குக் கடைசி வகுப்பு வரை என் பெருமையை யாரிடம் முதலில் சொல்வது என்பதுதான் யோசனை.

ஸ்கூலுக்கு முன்னும் பின்னும், படுக்கப்போகுமுன்னும் ஊட்டினேன். அம்மா ஒவ்வொரு தடவையும் விசாரித்தாள். "எவ்வளவு உள்ள போச்சு? புரையேறலையே? கொஞ்சமாவது கனம் கூடியிருக்கா, தூக்கிப் பாத்தியா?" ஐந்தாம் நாள் சிரிஞ்சைக் கண்டதும் முயல் தானாகவே மூக்கை நீட்டியது. காக்கிமா என்னை டாக்தார்-திதி, டாக்டர் அக்கா, என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் அந்தப் பட்டத்தை மறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா தம்பியோடு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு சிரிஞ்சு முழுவதும் காலியாகும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "பாலாடையில பாதி வெளியதான் வழியுது. புதுசா ஒரு சிரிஞ்சு வாங்கிட்டு வாங்க. இவனுக்கும் இப்படிக் குடுத்துப் பாக்கலாம்" என்றாள்.

அப்பா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வங்கி வேலை முடிந்து வந்த சட்டையைக்கூட மாற்றாமல் செருப்பை மாட்டிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினார்.

என் தொழில்திறமைக்குக் கிடைத்த மரியாதை அது என்றே நினைத்தேன். இன்று எங்கள் வீட்டு நிலைப்படியில் தலை இடித்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்திருக்கும் தம்பியும் அப்படித்தான் சொல்லிக் கேலி செய்கிறான். அன்று நானோ, குழந்தையை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று அவளுக்குச் செய்துகாட்ட, ஒரு சுத்தமான துவாலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அப்பா வரும் வழியைப் பார்த்து வாசலில் நின்றிருந்தேன்.