கேட்காமல் அழுத்திய ‘ஆம்’

அக்காவின் குதிகாலில் கருப்பாக ஒரு புள்ளி வந்தது. முதலில் மிளகு அளவு, பிறகு புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. கடலில் முங்கிப் பாசி எடுக்கிற பெண்களின் காலில் காயமில்லாத இடம் ஏது என்று நானும் விட்டுவிட்டேன்.

நான் சுகாதாரப் பணியாளர். அக்காள்மடம் என்ற கடற்கரை ஊரில் நடந்த மருத்துவ முகாமில் என் கையில் ஒரு போன் கொடுத்திருந்தார்கள். தோலைப் படம் பிடித்தால் செயற்கை நுண்ணறிவு (படத்தைப் பார்த்துத் தானே நோயைக் கணிக்கும் மென்பொருள்) பதில் சொல்லும். அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். படம் எடுத்ததும் அது ஒரே ஒரு கேள்வி கேட்டது: ‘இந்த இடத்தில் முன்பு அடிபட்டதா?’

பாசிக்காரிக்குப் பாறை குத்தாமலா இருக்கும்? அக்கா பக்கத்தில்தான் நின்றாள். அவளைக் கேட்காமலே ‘ஆம்’ என்று அழுத்தினேன். பழைய காயத் தழும்பு, பயப்பட வேண்டாம் என்று பச்சை எழுத்தில் வந்தது. முகாம் மருத்துவர் போனைப் பார்த்துத் தலையாட்டினார். காலைப் பார்க்கவில்லை.

“பாத்தியாக்கா, ஒண்ணுமில்ல. சும்மா பயந்துக்கிட்டு.”

“மிஷினு சொன்னா சரிதான். நான் வாரேன்டி.”

எட்டு மாதம் கழித்து அவள் தொடையிடுக்கில் கட்டி வந்தது. மதுரையில் சதை எடுத்துச் சோதித்தார்கள். மெலனோமா (தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களில் வரும் புற்றுநோய்). குதிகாலில் தொடங்கி நுரையீரல் வரை பரவியிருந்தது.

“அப்பவே யாரும் காலைப் பாக்கலையா?” என்றார் அங்கிருந்த மருத்துவர். போனைக் காட்டினேன். “இது வெள்ளைத் தோலையே அதிகம் பாத்துப் படிச்சிருக்கும்மா. அதோட, அடிபட்டதுன்னு நீங்களும் சொல்லிட்டீங்க.”

திரையின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை அன்றுதான் படித்தேன். இறுதி முடிவு பயன்படுத்துபவருடையதாம். அடப் பாவிகளா! முகாம் மருத்துவரைக் கேட்டால் மிஷினைக் கைகாட்டுவார், மிஷின் என்னைக் கைகாட்டுகிறது. நான் யாரைக் காட்டுவது?

மறைக்க முடியவில்லை. “நான்தான்க்கா ‘ஆம்’னு அமுக்குனேன். பாறை குத்துன இடம்னு நெனச்சு.”

அக்கா குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். “அங்கன எனக்குக் குத்தவே இல்லையேடி. செருப்போடதான எறங்குவேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மிஷின் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மனிதரும் குனிந்து பார்க்க வேண்டும் என்று அடம்பிடியுங்கள். வெட்கப்படாதீர்கள்.

இப்போது அக்காவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது, தொடுகிற ஒவ்வோர் இடத்திலும் “வலிக்குதாக்கா?” என்று கேட்கிறேன். அவளுக்கு மூச்சு வாங்குகிறது. ஒரு வார்த்தை வெளியே வர வெகுநேரம் ஆகிறது. கையை எடுக்காமல் காத்திருக்கிறேன். அன்றைக்குக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பாள்.