ஏழாம் எண் விரிப்பு

நம்பாதவர்கள் நம்பவே வேண்டாம். காலை பதினொன்றே முக்காலுக்கு, வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கனவு காண்கிறவள் இல்லை நான்.

இதை அவள் மனசுக்குள் நூறு தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பாள். வெளியே சொன்னதில்லை. சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் அவள் தூங்கினாளா என்பார்கள், அடுத்து சாப்பிட்டாளா என்பார்கள். தூங்கினாள். சாப்பிட்டாள். அதன் பிறகும் அது நடந்தது.

அச்சகத்தில் பதினோரு வருஷம் பிழை திருத்தியவள் அவள். ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்தால் மற்றவர்கள் கதையைப் படிப்பார்கள். அவள் கண் தப்பைத் தேடிக்கொண்டு போகும். மனிதர்களிடமும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. 'சந்தேகப் பிராணி' என்பது அண்ணன் வைத்த பெயர். முப்பத்தெட்டு வயதில் முதுகுப் பையை மாட்டிக்கொண்டு தனியாக ஊர் சுற்றக் கிளம்பியபோது வாசலிலேயே சொன்னான்: "ஒரு மாசம் தாங்க மாட்டே. 'அண்ணா, காசு அனுப்பு'ன்னு போன் வரும் பாரு. அப்புறம் ஜென்மத்துக்கும் தனியா போறேன்னு பேசக் கூடாது."

அந்தப் போன் போகாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அலைச்சறுக்குக்குப் பேர்போன அந்தக் கடலோர ஊருக்கு வந்து சேர்ந்தபோது ஊர் திரும்பும் விமானத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கையிலிருந்த காசு சாப்பாட்டுக்கு மட்டும் வரும். ஆகவே ஒரு மலிவு விடுதியில் வேலைக்குப் பேசிக்கொண்டாள். மத்தியானம் வரை கூட்டித் துடைத்தால் படுக்கை இலவசம்.

ஒரே அறை. நான்கு ஈரடுக்குக் கட்டில்கள், எட்டுப் படுக்கை. அவளுக்கு எட்டாம் எண், மேல்தட்டு. அதற்குக் கீழே ஏழாம் எண், அது காலி. விடுதிக்கார அக்கா அறை வாசலில் நின்றபடியே வேலையைச் சொல்லிக் கொடுத்தார்.

"காலி பண்றவங்க அவங்க பெட்ஷீட்டை அவங்களே உருவி இந்தக் கூடையில போடணும். கூடையில பெட்ஷீட் இருந்தா ஆள் கிளம்பியாச்சுன்னு அர்த்தம். நீ வேற ஒண்ணு விரிச்சு வெச்சுடு."

"ஆளைப் பாத்து உறுதி பண்ணிக்க வேண்டாமாக்கா?"

"பாத்து என்ன பண்ணப்போறே? மாலை போட்டு வழியனுப்பவா?"

ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் சிவப்பு நூலில் எண் தைத்திருந்தது. ஒன்றுக்கொன்று மாறாது. நல்ல ஏற்பாடுதான் என்று நினைத்தாள்.

இரண்டாம் நாள், பதினொன்று நாற்பது. கூடையில் ஒரு விரிப்பு கிடந்தது. மூலையைப் புரட்டினாள். ஏழு.

ஏழில் யாரும் படுக்கவில்லை. ராத்திரி ஏணியில் ஏறும்போது அவளே பார்த்தாள். ஆனால் விரிப்பு நனைந்திருந்தது. உதறினால் மணல் கொட்டியது. கடலிலிருந்து வந்த எவனோ உடம்பு துடைத்திருக்கிறான் என்று முணுமுணுத்தபடி அலசிக் கொடியில் போட்டாள். ஏழுக்கு மாற்று விரிப்பை விரித்தாள்.

மூன்றாம் நாள், பதினொன்று நாற்பது. மறுபடியும் ஏழு. மறுபடியும் ஈரம்.

இப்போது அவளுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலோடு பழைய பழக்கமும் வந்தது. அக்கா யாருக்கோ பகலில் மட்டும் அந்தப் படுக்கையைத் திருட்டுத்தனமாக வாடகைக்கு விடுகிறாரோ? அதனால்தான் அறைக்குள் காலே வைப்பதில்லையோ? இல்லை, அலைச்சறுக்கு சொல்லித் தரும் மாஸ்டரா? அவர் வகுப்பு பதினோரு மணிக்கு முடிந்துவிடும். உப்புத் தண்ணீரோடு வந்து அரைமணி கண்ணயர்ந்துவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும்?

மாஸ்டர் கொட்டகையில் ஒரு பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், பகல்ல எங்க படுப்பீங்க?"

"எதுக்கு விசாரிக்கிறே? மாப்பிள்ளை பாக்கறியா?" சிரித்தார். "இதோ, இந்தப் பெஞ்சுதான். என் பொண்டாட்டி வீட்டுல விட்டாத்தானே!"

"ஏழாம் நம்பர் கட்டில்ல யாரோ தினம் ஈரத்தோட படுத்துட்டுப் போறாங்க."

சிரிப்பு நின்றது. தேய்த்து முடித்த பலகையை மறுபடி முதலிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்.

"எனக்கு எதுவும் தெரியாது. அக்காகிட்டயே கேளு."

பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. எந்தப் பொய் என்றுதான் தெரியவில்லை. கேட்டால் மழுப்புவார்கள். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

நான்காம் நாள் அலை நன்றாக இருந்தது. பதினோரு மணிக்கு அறையில் ஒருவர்கூட இல்லை. ஏழாம் விரிப்பைக் கையால் தடவிப் பார்த்தாள். காய்ந்து மொடமொடவென்றிருந்தது. கட்டிலுக்கடியில் பார்த்தாள். யாருமில்லை. கூடை காலி. ஜன்னலில் கம்பி. கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு மேலே ஏறி, காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து தாழ்ப்பாள் தெரிந்தது.

இனி யாராவது கதவைத் தட்டத்தான் வேண்டும்.

11:31. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தூரத்தில் அலைச் சத்தம்.

11:38. கட்டில் லேசாக அசைந்தது... கீழே யாரோ உட்கார்ந்தால் அசைகிற மாதிரி.

தாழ்ப்பாளைப் பார்த்தாள். போட்டபடியே இருந்தது.

டப்.

சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு.

டப்... டப்...

குனிந்து பார்த்தால் போதும். அவ்வளவுதான். பதினோரு வருஷமாக எதையும் பார்க்காமல் விட்டதில்லை அவள். இப்போது கழுத்து வளைய மறுத்தது. பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது... தெரிந்துகொள்ள விருப்பமே இல்லாமல் போவது.

"யாரு?"

சொட்டு நின்றது.

சர்ர்ர்... துணி உருவும் சத்தம். மெதுவாக.

கீழ் விரிப்பைத்தான் உருவுகிறது என்று நினைத்தாள்.

பிறகு தன் காலடியைப் பார்த்தாள்.

அவளுடைய விரிப்பின் நுனி, மெத்தைக்கடியில் அவளே செருகி வைத்தது, வெளியே வந்திருந்தது. கட்டிலின் ஓரமாய்க் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு விரல் அளவு. ஒரு சாண்.

இரண்டு கையாலும் பிடித்தாள்.

இழுப்பு நின்றது.

காத்திருந்தது.

பிறகு வெடுக்கென்று ஒரே இழுப்பு...

விட்டுவிட்டாள். ஏணியை மிதித்தாளா, குதித்தாளா, நினைவில்லை.

ஏழில் யாருமில்லை.

விரிப்பு சுருக்கமில்லாமல், காய்ந்து கிடந்தது.

கதவு தாழ் போட்டபடி.

கூடையில் ஒரு விரிப்பு. ஈரம்.

எட்டு.

மணி 11:45.

முதுகுப் பையோடு அவள் முன்னறைக்கு வந்தபோது விடுதிக்கார அக்கா அவள் கையிலிருந்த துணியைத்தான் பார்த்தார். மூலையிலிருந்த எண்ணைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போன சீசன்ல ஏழுல ஒரு பொண்ணு இருந்தா," என்றார், எதுவும் கேட்காமலே. "விடியறதுக்கு முன்னாடியே போர்டை எடுத்துட்டுக் கடலுக்குப் போயிட்டா. பதினொன்றரைக்குப் புதுசா ஒரு ஆள் வந்து நின்னான். ரூம் ஃபுல். அவ எப்படியும் அன்னிக்குக் காலி பண்ணணும்தான். அதனால நானே அவ பெட்ஷீட்டை உருவிக் கூடையில போட்டேன். வந்தா சொல்லிக்கலாம்னு நெனைச்சேன். மறந்துட்டேன்மா."

"அப்புறம்?"

"சாயந்தரம் மாஸ்டர் வந்து ஏழாம் நம்பர் எங்கேன்னு கேட்டார். வேலைக்கு இருந்த பொண்ணு கூடையைப் பாத்துட்டு, 'கிளம்பியாச்சு'ன்னுட்டா. யாரும் தேடல. மூணாம் நாள் போர்டு மட்டும் ஒதுங்குச்சு."

பொய்யில் எங்கேயாவது ஒரு பிழை இருக்கும். அவள் தேடினாள். அகப்படவில்லை.

"அவளுக்குத் தினமும் விரிச்சு வெச்சா போதும், தொந்தரவு இல்ல. நான் விரிச்சா நிக்க மாட்டேங்குது, தரையில கெடக்கு. வேற யாராவது விரிக்கணும். உனக்கு முன்னாடி இருந்தவ ரெண்டு மாசம் ஒழுங்கா விரிச்சா. அவளும் எட்டுலதான் படுத்திருந்தா."

"அவங்க இப்ப எங்கே?"

"அவ கிளம்பிட்டாம்மா. சொல்லிக்காமயே போயிட்டா."

"சொல்லாமப் போனவங்க கிளம்பிட்டாங்கன்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

அக்கா அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கூடையில பெட்ஷீட் இருந்துச்சு."

வெளியே கடலிலிருந்து திரும்பியவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அவளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இந்த வாசலைத் தாண்டினால் இன்று ராத்திரிக்குள் அண்ணனுக்குப் போன் போட்டாக வேண்டும். அவன் சிரிக்கப் போகும் சிரிப்புகூட அவள் காதில் விழுந்தது.

அக்கா மடித்து வைத்த ஒரு விரிப்பை இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஒன்பது நாளும் இலவசம். மூணு வேளைச் சாப்பாடும் நான் போடறேன். வேற வேலையே செய்ய வேண்டாம். எட்டுல இதை மட்டும் விரிச்சுட்டுப் படுத்துக்கோம்மா. யாரோ ஒருத்தர் அங்க இருக்கணும்."

அவள் அதைத் தொடவில்லை. ஈர விரிப்பை மேசைமேல் வைத்தாள். பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"இல்லக்கா," என்றாள் மெல்ல. "நான் விரிக்க மாட்டேன்."