அருளப்பன் வளர்த்த கொசுக்கள்

கொசுவைக் கண்டால் நாமெல்லாம் ஓங்கி அடிப்போம். அருளப்பன் மட்டும் அதன் கால் அழகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்கு மலேரியா இன்ஸ்பெக்டர் வேலை. 1938ஆம் வருஷம் அந்த வேலையே அவர் தெருவின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது.

மடவார் வளாகம் பக்கம் அவர் குடியிருந்த தெருவில் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். தெருக்கிணற்றுத் தண்ணீரை மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தார். சாதாரணக் கொசுவின் புழு தண்ணீரில் தலைகீழாகத் தொங்கும். இவையோ நீர்மட்டத்தோடு படுத்துக் கிடந்தன. மலேரியா பரப்பும் அனோபிலிஸ் வகை! மறைக்க மனம் வரவில்லை, மேலிடத்துக்கு உள்ளதை எழுதினார். வருகிற திங்கட்கிழமை கிணற்றை மண் போட்டு மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

அந்தத் தெருப் பெண்கள் வேறு கிணற்றடிக்குக் குடத்தோடு போக ஊர் விடாத காலம் அது.

"எங்க வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியே, அருளப்பா" என்றாள் எதிர்வீட்டு வெள்ளத்தாய்.

ஆனால் அனோபிலிஸிலும் பல இனம் உண்டு. எல்லாம் காய்ச்சல் பரப்புவதில்லை. கிணற்றில் வளரும் பொல்லாத இனத்துக்குக் காலெல்லாம் புள்ளி. சாதுவான இனத்துக்குக் கால் வெறுமையாக இருக்கும். புழுவாக இருக்கையில் அவர் கைலென்ஸுக்கு அது பிடிபடாது. வளர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அவர் போய் இதைச் சொன்ன சுகாதார அதிகாரி நியாயமான மனிதர். "மண் போட ஆள் வாரதுக்குள்ள கொசுவைக் காட்டும். பார்ப்போம்" என்றார்.

புழுக்களைக் கண்ணாடிச் சாடியில் விட்டு, வாயில் வலைத்துணி கட்டிக் குழந்தையைப் போலக் காத்தார். சனிக்கிழமைக்குள் அவை கூட்டுப்புழுவாகிவிட்டன. ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால் சாடி காலி! சுந்தரபாண்டியத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்த மனைவி அன்னாள் அன்றுதான் திரும்பியிருந்தாள்.

"ஏட்டி, சாடித் தண்ணி எங்க?"

"அம்புட்டும் புழுவால்ல நெளிஞ்சுது! இப்பத்தான் வடிச்சுப் பானையில ஊத்தினேன்" என்றாள் பெருமையாக. துணியில் வடிக்காமல் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வழக்கம் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் கிடையாது.

அருளப்பன் உள்ளே ஓடினார். "அந்தத் துணி?"

"பானை வாயிலதான் கெடக்கு. இன்னும் பிழியல."

ஈரத்துணியைப் பதறியெடுத்துத் தட்டுத் தண்ணீரில் அலசினார். நாலைந்து கூட்டுப்புழுக்கள் துள்ளின. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அவற்றைத் திரும்பச் சாடியில் விட்டு வலைத்துணியைக் கட்டினார்.

திங்கட்கிழமை மண் வண்டிகள் வந்து நின்றன. பெண்கள் குடங்களோடு கிணற்றைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். சாடியின் சுவரில் மூன்று கொசுக்கள் ஒட்டியிருந்தன. அதிகாரி லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒரு புள்ளிகூட இல்லை. வண்டியைத் திருப்புங்கப்பா!"

தெருவே கத்தியது. அருளப்பனோ அதிகாரியை இழுத்துக்கொண்டு புள்ளிக்காலைத் தேடக் கிளம்பிவிட்டார். தெருக்கோடிப் பஞ்சுக்கிடங்கின் சிமெண்டுத் தொட்டியடியில் மத்தியானமே அது பிடிபட்டது. பொழுதடைவதற்குள் தொட்டியைக் காலி செய்து காயவிட்டார்கள்.

திரும்பி வந்தவரைக் கிணற்றடியிலேயே நிறுத்தி, வெள்ளத்தாய் வாளித் தண்ணீரை அவர் கையில் சரித்தாள். அன்னாள் அவசரமாக வடிதுணியை நீட்டினாள்.

அருளப்பன் அதை ஒதுக்கிவிட்டு, தண்ணீரை அப்படியே குடித்தார்.